ஊசிக்கு யார் ஜாமீன்?

மும்பைக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்குக் கிடைத்த கிளை பரேல் பக்கம். செம்பூரிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். டாடா மெமோரியல், கே.இ.எம். என்று பெரிய ஆஸ்பத்திரிகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் ஒரு பழைய மாளிகை. பெயர் 'ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்'. நாலு வருஷம் அதைத் தாண்டிப் போய் வந்தும், ஹாஃப்கின் என்பவர் யாரோ வெள்ளைக்கார கவர்னர் என்றுதான் நினைத்திருந்தேன். பி.காம். படித்தவனுக்கு அதற்கு மேல் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் யார் என்று தேடிப் படிக்க வைத்தது 2021. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் நெருக்கடி. ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கொரோனா தடுப்பூசி என்று அறிவிப்பு வந்திருந்தது. அப்போது நான் இருந்த கிளையின் பியூனுக்கு 57 வயது, கொங்கண் பக்கத்து மனிதர். எல்லோரும் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவோம். (இங்கே பியூனை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். நம்மூர் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம் :-) ). டீ கொண்டு வந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"சாஹேப், ஊசி போட்டுக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"கொஞ்சம் பொறுங்க மாமா. நாலு பேர் போட்டுக்கட்டும். பார்த்துட்டுப் போடலாம்."

நான் ஒன்றும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. செல்போனில் வந்து விழுந்த செய்திகளில் பாதியைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஏப்ரல் மூன்றாவது வாரம் அவருக்குக் காய்ச்சல். பிறகு ஆக்சிஜன். மூன்று வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. நல்லவேளை, பிழைத்து வந்தார். ஆனால் ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

நேர்மையாகக் கணக்குப் பார்த்தால், ஏப்ரல் முதல் வாரமே போட்டிருந்தாலும் அதற்குள் ஒரு டோஸ்தான் ஆகியிருக்கும். அது அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்தாலும் அவர் கேட்டது என்னிடம். பதில் சொன்னது நான். அந்த உறுத்தலில்தான், புதிதாக ஒரு தடுப்பூசி வரும்போது ஜனங்கள் எப்படி நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். போய் நின்ற இடம் அதே பரேல் மாளிகை.

*

1896 செப்டம்பர். மும்பையின் மாண்ட்வி பகுதியில் வினோதமான காய்ச்சலில் ஆட்கள் விழுந்தார்கள். அது பிளேக் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகஸ் என்ற கோவாக்காரர். சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் மும்பையை விட்டு ஓடினார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? வீடு வீடாகச் சோதனை. நோயாளி இருந்தால் பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போடுவது, வீட்டாரை முகாமில் அடைப்பது, சாமான்களைக் கொளுத்துவது, வெளிச்சம் வரட்டும் என்று கூரை ஓட்டைப் பிரிப்பது. ரயில் நிலையத்தில் ஆண் பெண் பேதமில்லாமல் நிறுத்தி, நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. 1897 பிப்ரவரியில் இதற்கெல்லாம் வசதியாகக் கொள்ளை நோய்ச் சட்டம் ஒன்றும் வந்தது. (2020-ல் கொரோனாவுக்கும் தூசி தட்டி எடுத்தார்களே, அதே சட்டம்தான்.)

ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்புவதில்லை என்பது ஜனங்கள் கண்ணால் கண்டது. அங்கே ஆளைக் கொன்று உடம்பிலிருந்து மருந்து எடுக்கிறார்கள் என்று வதந்தி. 1896 அக்டோபர் 29 அன்று சுமார் ஆயிரம் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். பூனாவில் பிளேக் நடவடிக்கைகளை நடத்திய ராண்ட் என்ற அதிகாரியை 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அவர் பிழைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஒரு புதிய ஊசி வந்தது. உங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்த அதே சர்க்கார், அடுத்த மாதம் ஊசியோடு வந்தால் கையை நீட்டுவீர்களா? நான் நீட்டியிருக்க மாட்டேன். அந்தக் கால ஜனங்களைப் படிப்பறிவில்லாதவர்கள், மூட நம்பிக்கைக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் எடை போட்டது மருந்தை அல்ல, கொடுக்கிறவனை.

*

வால்டெமர் ஹாஃப்கின் கவர்னர் அல்ல, ஆங்கிலேயரும் அல்ல. 1860-ல் ஒடெஸாவில் பிறந்த யூதர். பாரிஸில் பாஸ்டர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். காலரா தடுப்பூசி தயாரித்து, 1892-ல் முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். அந்தத் தடுப்பூசியோடு 1893-ல் இந்தியா வந்தார். மும்பையில் பிளேக் என்றதும் 1896 அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து இங்கே அனுப்பப்பட்டார்.

அவருக்குக் கிடைத்தது கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும். ஒரு கிளார்க், மூன்று பியூன்கள். (அப்போதே ஆள் பற்றாக்குறைதான்!) அந்த வசதியில் மூன்று மாதத்தில் மருந்து தயார். பிளேக் கிருமியை வளர்த்து, சூடேற்றிக் கொன்று, அந்தத் திரவத்தையே ஊசியில் ஏற்றுவது. 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்தன, பிழைத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் நோய் புகுந்தபோது, சம்மதித்து முன்வந்த கைதிகளுக்குப் போட்டார்கள். போட்டவர்களையும் போடாதவர்களையும் தனித்தனியே கணக்கு வைத்துப் பார்த்ததில், போட்டவர்களிடம் நோய் குறைவாக இருந்தது.

ஊசி ஒன்றும் சுகமானதில்லை. ஒரு நாளைக்காவது காய்ச்சல், கை வீக்கம். கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். முழுப் பாதுகாப்பும் கிடையாது. ஹாஃப்கின் வெளிநாட்டுக்காரர், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர். அவர் தன் கையில் குத்திக்கொண்டதை டாக்டர்கள் நம்பலாம், மாண்ட்வியில் மூட்டை தூக்குகிறவர் ஏன் நம்ப வேண்டும்?

வங்கியில் கடன் கொடுக்கும்போது ஜாமீன் கேட்கிறோம் இல்லையா? வாங்குகிறவரை நமக்குத் தெரியாது, ஆனால் கையெழுத்துப் போடுகிறவரைத் தெரியும். அந்தத் தெம்பில்தான் பணத்தைக் கொடுக்கிறோம். ஊசி விஷயத்திலும் இதுவேதான் நடந்தது. கோஜா இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான மூன்றாம் ஆகா கானுக்கு அப்போது 19 வயது. தம் ஜனங்கள் பார்க்க, பொது இடத்தில் ஊசி போட்டுக்கொண்டார். ஒரு முறை அல்ல, பல முறை. ஹாஃப்கினின் ஆய்வகத்துக்கும் இடம் கொடுத்தார். கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் வந்து போட்டுக்கொண்டார்கள். சர்க்கார் சிப்பாய் அனுப்பிச் சாதிக்க முடியாததை, தெரிந்த ஒரு மனிதர் சட்டைக் கையை மடித்துச் சாதித்தார்.

சர்க்காருக்கும் மெதுவாகப் புத்தி வந்தது. பலாத்கார நடவடிக்கைகளைத் தளர்த்தினார்கள். ஊசி விருப்பப்பட்டவர்களுக்குத்தான், கட்டாயம் இல்லை என்றானது. 1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையே ஆய்வகமானது. அதுதான் நான் பஸ்ஸிலிருந்து பார்த்த கட்டிடம். கவர்னர் என்று நான் நினைத்ததில் அவ்வளவு மட்டும் சரி!

*

அப்புறம் வந்தது முல்கோவால்.

பஞ்சாபில் பிளேக் உக்கிரமாக இருந்தது. அங்கே லட்சக்கணக்கில் ஊசி போடப் பெரிய ஏற்பாடு நடந்தது. 1902 அக்டோபர் 30, முல்கோவால் என்ற கிராமம் (இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது). அன்றைக்கு 107 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதில் 19 பேருக்கு மருந்து ஒரே புட்டியிலிருந்து. அந்த 19 பேருக்கும் டெட்டனஸ் வந்தது. (நம் தாத்தாக்கள் தனுர்வாதம் என்பார்களே, அதுதான்.) 19 பேரும் இறந்தார்கள். மற்ற புட்டிகளிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக் கமிஷன் போட்டார்கள். மும்பைத் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமை. கிருமி புகுந்தது பரேல் ஆய்வகத்தில்தான் இருக்க வேண்டும் என்ற பக்கம் கமிஷன் சாய்ந்தது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார். பிற்பாடு வெளிவந்த விவரம் இது. கிராமத்தில் அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்யாமல், கார்பாலிக் திரவத்தில் நனைத்துவிட்டு அதைக்கொண்டே கார்க்கைப் பிடுங்கியிருக்கிறார். மண்ணில் இருக்கும் டெட்டனஸ் கிருமி உள்ளே போக அது போதும். மலேரியா ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸ் முதலானோர் லண்டன் பத்திரிகையில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதிய பிறகு, 1907-ல்தான் ஹாஃப்கின் மேல் இருந்த பழி நீங்கியது. திரும்ப வந்தார், ஆனால் மும்பைக்கு அல்ல, கல்கத்தாவுக்கு. பணி ஓய்வு பெற்று ஐரோப்பா போனவர் 1930-ல் காலமானார். பரேல் ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைத்தது 1925-ல்.

அவருடைய சொந்தத் துயரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஜனங்கள் என்ன ஆனார்கள்? ஒரு வங்கியைப் பற்றி வதந்தி கிளம்பினால், மறுநாள் காலை வாசலில் வரிசை நிற்கும், பணத்தை எடுக்க. பத்து வருஷம் சேர்த்த நம்பிக்கை பத்து மணி நேரத்தில் காலி. பஞ்சாபில் அதுவே ஆனது. ஊசி போட ஆள் வருவது குறைந்துபோனது. நடந்தது என்ன என்று ஊருக்குத் தெளிவாக, சீக்கிரமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை திரும்பியிருப்பார்கள். ஆனால் அறிக்கைகள் வருஷக்கணக்கில் மேஜை மேஜையாக நகர்ந்தன. பழி நீங்கிய அதே 1907-ல்தான் பிளேக் உச்சத்தில் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் பத்து லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். அதில் பஞ்சாபின் பங்கு பெரியது.

*

சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நம்மூரிலேயே ஓர் உதாரணம். சுதந்திரத்துக்குப் பின் காசநோய்க்கு பி.சி.ஜி. ஊசி வந்தது. 1948-ல் சென்னை கிண்டியில் அதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். நாடு முழுக்கப் பெரிய இயக்கமாகப் போட்டார்கள். அதைக் கடுமையாக எதிர்த்து 1955-ல் பிரசுரமே வெளியிட்டவர் யார் தெரியுமா? ராஜாஜி. கவர்னர் ஜெனரலாகவும் சென்னை முதலமைச்சராகவும் இருந்தவர். அவரைப் படிக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது. போதிய ஆதாரம் இல்லாமல் இத்தனை குழந்தைகளுக்கு ஏன் போடுகிறீர்கள் என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று.

1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் மிகப் பெரிய பரிசோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அப்படியானால் ராஜாஜி ஜெயித்தாரா? அப்படியும் சொல்ல முடியாது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் மாதிரியான கொடிய காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது என்பதால் இன்றைக்கும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். கேள்வி கேட்டதால் பதில் தேடினார்கள், தேடியதால் ஊசியின் உண்மையான எல்லை தெரிந்தது. கேள்வி கேட்பது வேறு, "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது வேறு. நான் மாமாவிடம் செய்தது இரண்டாவது.

*

2021-க்கு வருகிறேன். ஜனவரி 3 அன்று இரண்டு ஊசிகளுக்கு அவசர அனுமதி. அதில் கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அனுமதி கொடுத்தார்கள். டாக்டர்களே முணுமுணுத்தார்கள். ஜனவரி 16 அன்று டில்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு துப்புரவுப் பணியாளருக்கு. அதன் இயக்குநரும் அதே நாளில் போட்டுக்கொண்டார். இருந்தாலும், "பெரிய தலைவர்கள் ஏன் முதலில் போடவில்லை?" என்று எங்கள் கிளையில் கேட்காதவர் இல்லை. மார்ச் 1 அன்று பிரதமர் கோவாக்சின் போட்டுக்கொண்ட பிறகுதான் அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது. 1897-ல் கேட்ட அதே கேள்வி. ஜாமீன் யார்?

என் அம்மாவுக்கு அப்போது 74. மார்ச் மாதமே போட்டிருக்கலாம். "எல்லாரும் போட்டுக்கட்டும்டா, எனக்கென்ன அவசரம்" என்றார். (மகன் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் பாருங்கள்.) ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி இறந்துபோனார். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடு மத்திய அரசின் குழு சொன்னது. ஆனால் அன்றைக்கு அம்மா, "பார்த்தியா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நமக்காகக் கையெழுத்துப் போட வந்தவரே போய்விட்டால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

அடுத்த நாலு வாரம் எப்படி இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு பெயர் இருக்கும். கும்பகோணத்திலிருந்து அம்மாவுக்குத் தினமும் போன் வந்தது. மே மாதம் ஒரு நாள் ராத்திரி அவரே கேட்டார். "அந்த ஊசி இன்னும் இருக்காடா?" மார்ச்சில் ஆளில்லாமல் ஈ ஓட்டிய மையத்தில் மே மாதம் டோக்கனுக்கு விடியற்காலை வரிசை. நடுவில் மருந்து இல்லை என்று மும்பையில் சில நாள் மையங்களையே மூடினார்கள். ஜூனில்தான் அம்மாவுக்குக் கிடைத்தது. அக்டோபர் 21 அன்று நாட்டில் 100 கோடி டோஸ் ஆனது. ஏழெட்டு மாதத்தில் ஒரு தேசமே மனசை மாற்றிக்கொண்டது. ஆனால் அந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலை?

*

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் வேறு. என் மகளுக்கு 13 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் போடச் சொல்லி டாக்டர் சொன்னார். 2023-லிருந்து புனேயில் தயாராகும் நம் நாட்டு மருந்தே கிடைக்கிறது. எங்கள் சங்கத்துப் பெண்கள் நடுவில் ஒரே குழப்பம். "முன்னாடி ஆந்திராவில் பிள்ளைகள் செத்துப்போச்சாமே?"

அது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரு திட்டத்தில் இந்த ஊசி போடப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள் என்று செய்தி வந்து, 2010-ல் திட்டம் நின்றது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றது விசாரணை. ஆனால் இன்னொன்றும் வெளிவந்தது. பல சிறுமிகளுக்குப் பெற்றோரிடம் சம்மதமே வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர்கள்! மருந்தில் தப்பில்லை, கேட்காமல் போட்டதில் தப்பு. முல்கோவாலில் மருந்தில் தப்பில்லை, இடுக்கியில் தப்பு. இரண்டு இடத்திலும் கெட்ட பேர் ஊசிக்கு. நஷ்டம், அதற்கப்புறம் போட்டுக்கொள்ளாமல் விட்டவர்களுக்கு.

இந்தத் தடவை நான் "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டேன். எத்தனை டோஸ், என்ன பக்க விளைவு, எத்தனை வருஷமாக உலகத்தில் போடுகிறார்கள் என்று. வீட்டில் மகளிடமும் சொல்லி, அவளுடைய கேள்விகளையும் கேட்க வைத்தோம். போன மாதம் முதல் டோஸ் ஆகிவிட்டது. ஒரு நாள் கை வலி, ஒரு ஐஸ்கிரீம்.

மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன். அவருக்கு 15 வயதில் பேத்தி இருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"உங்க பொண்ணுக்குப் போட்டாச்சா சாஹேப்?"

"போட்டாச்சு மாமா."

"அப்ப சரி. நம்ம டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அதுதான் சரி. என்னை மட்டும் நம்ப வேண்டாம்.